பதினாறு மணி நேரத் தூரம்

ஒரு தூரத்தை விரல்நுனியில் வைத்திருப்பவருக்கு அதைக் கடந்து பார்க்கும் ஆசை வராமலே போகுமா? முப்பத்தோரு வருடம் விமான டிக்கெட் விற்றும் ஒருமுறைகூட விமானம் ஏறாத நூலம்மாவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழும்.

அந்தப் பெயர் அவர் மேசையில் இருந்த உலக உருண்டையாலும் ஒரு சிவப்பு நூலாலும் வந்தது. சுவர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, விமானம் எதற்குப் பனிப்பிரதேசம் வழியாகச் சுற்றிப் போகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து, நூலின் இரு முனைகளையும் இரண்டு ஊர்களில் அழுத்தி இழுத்துப் பிடிப்பார். நூல் தானாகவே வடக்கே ஏறிப் பனியைத் தொட்டுக்கொண்டு போகும். "காகிதம் தட்டைங்க, பூமி அப்படியில்ல" என்பார்.

உருண்டையில் இரண்டு ஊர்கள் மட்டும் விரல்பட்டுச் சாயம் போயிருந்தன. ஒன்று அவர் ஊர். மற்றது அக்கா இருந்த ஊர். இடையே பதினாலாயிரம் கிலோமீட்டர், பதினாறு மணி நேரம். அக்கா வருடா வருடம் கூப்பிடுவார். அடுத்த வருடம் பார்க்கலாம் என்பார் இவர்.

ஐம்பத்தெட்டாவது வயதில் அக்காவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பதிவு. சாட்சிக் கையெழுத்தைத் தங்கைதான் போட வேண்டும் என்று பெயரையும் எழுதிக்கொடுத்துவிட்டார். நேரம் தவறினால் அடுத்த முறை ஒரு மாதம் கழித்துத்தான். இவருக்கோ வெள்ளி மாலை ஆறு மணி விமானத்தில்தான் இடம் கிடைத்தது.

அக்கா தொலைபேசியில் விரல்விட்டு எண்ணினார். "ஆறு மணிக்கு ஏறி பதினாறு மணி நேரம்னா சனிக்கிழமை காலைல பத்து. தலை வாரவாவது நேரம் இருக்குமாடி?"

"அது என் கடிகாரத்துல அக்கா. உன் ஊரு பன்னெண்டு மணி நேரம் பின்னாடி இருக்கு. வெள்ளிக்கிழமை ராத்திரி பத்துக்கே இறங்கிடுவேன்."

"அப்ப கல்யாணத்துக்கு முந்தியே வந்து என் உசிர வாங்கப்போறேன்னு சொல்லு."

கணக்கு சரி. ஆனால் விமானம் பத்து மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. எத்தனையோ பேரைப் பதினாறு மணி நேரம் என்று சொல்லி அனுப்பியவருக்கு, அதில் காத்திருப்பு சேர்த்தியில்லை என்பது நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. அக்கா ஊரில் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இறங்கி, வரிசையில் நின்று, டாக்சி பிடித்து, பெட்டியை இழுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது. மாப்பிள்ளை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கடி உன் பதினாறு மணி நேரம்?" என்றார் அக்கா.

"பறந்தது பதினாறுதான்க்கா. மிச்சத்துக்கு உட்கார்ந்தே வந்தேன்."

பதிவாளரும் சிரித்துவிட்டார். கலைந்த தலையோடு நூலம்மா போட்ட கையெழுத்து அவர் வாழ்நாளில் போட்டவற்றிலேயே பெரியது என்று அக்கா பிறகு எல்லோரிடமும் காட்டுவார்.

பத்து நாள் விருந்துக்குப் பிறகு, வந்த வழியே நேராகத் திரும்ப இருக்கை பதிவாகியிருந்தது. அதை அவரே ரத்து செய்தார். வரும்போது பறந்த மேற்குத் திசையிலேயே மேலும் போய், பெருங்கடலைக் கடந்து, இரண்டு விமானம் மாறி, முப்பத்தோரு மணி நேரத்தில் ஊர் சேர்ந்தார். ஏன் என்று முதலாளி கேட்டார், அக்கா தொலைபேசியில் கேட்டார். அவர் சிவப்பு நூலை எடுத்து, உருண்டையைச் சுற்றி ஒரு முழு வட்டம் இழுத்து, முனையோடு முனை சேர்த்தார்.