புகைபோக்கிக்கு மூன்று மனுக்கள்

அரசாங்கக் குவார்ட்டர்ஸ் புகைபோக்கியை இலாகா ஆள்தான் துடைக்க வேண்டும். குடியிருப்பவர் கைவைத்தால் வீடு பறிபோகும் என்பது அன்றைய விதி. இன்று செராஸில் இறைச்சி சுடும் சாத்தே கடைப் புகை மூக்கில் ஏறியதும் எழுபதுகளின் பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ் அடுக்களை நினைவுக்கு வந்தது. புகைபோக்கியில் கரி அடைத்து, விறகடுப்பின் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பியது. இரண்டு வயதுத் தங்கை மூச்சுக்குத் தவித்தாள். அப்பா இலாகாவுக்கு மூன்றாவது மனுவைத் தட்டெழுதிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, மூங்கிலில் சாக்கைச் சுற்றிக் கட்டினாள்.

“கூரையில ஏறாத லா. இன்ஸ்பெக்டர் பார்த்தா வீடு போயிடும்,” என்றார் அப்பா.

“பிள்ள போயிட்டா வீடு எதுக்குங்க? ஏணியப் பிடிங்க.”

பிடித்தார். தெருவையே பார்த்துக்கொண்டிருந்த அவருடைய வெள்ளைச் சட்டையில் கரி கொட்டியது, அவர் அசையவில்லை.

‘ஆய்வில் புகைபோக்கி சுத்தமாக உள்ளது, நடவடிக்கை தேவையில்லை’ என்ற இலாகாவின் பதில், தங்கை பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்த ஜனவரித் திங்கட்கிழமை வந்தது.