சறுக்கில் இறங்கி வந்த துணிக்கடைக்காரர்

அன்று மலையில் இருந்தவர்கள் யார் யார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். துப்பாக்கிக்காரர்கள் ஐந்து பேர்: சர்க்கரைத் தோட்டத்து மேனேஜர், அவருடைய சித்தப்பா மகன்கள் இரண்டு பேர், ஒரு வக்கீல், ரோஸ் ஹில்லில் துணிக்கடை வைத்திருந்த நம்மவர் ஒருவர். மான் விரட்டும் ஆட்கள் எட்டுப் பேர். அவர்களுக்குத் தலைவன் என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். சமையலுக்கு ஒரு கிரியோல் அம்மாள். அப்புறம் நான். நாய்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மொரீஷியசுக்குச் சுதந்திரம் வருவதற்குச் சில வருடம் முந்தி நடந்தது இது. வக்குவாவுக்கு மேலே, தோட்டத்துக்குச் சொந்தமான மலைக்காட்டில் மான் வேட்டைப் பருவம். ஆடி மாதம் எங்களுக்கு நடுக்குளிர்காலம் என்று சொன்னால் இந்தியாவில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அந்த மலையில் பனிமூட்டம் இறங்கினால் தன் கையே தனக்குத் தெரியாது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோயிலில் படித்த தமிழ்தான் இப்போது எழுதுகிற தமிழ். எதற்கும் பயப்படுகிற ஆள் வேறு. வீட்டில் அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற ரகம். அதனால்தானோ என்னவோ மலைக்காவல் வேலை எனக்குக் கிடைத்தது. காலையில் எல்லோருக்கும் முன்னால் மேலே ஏறி, துப்பாக்கிக்காரர்கள் உட்காரும் பரண்களின் ஏணியை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். அந்தப் பரணை எங்கள் ஊரில் மிராடோர் என்போம். வழியில் விழுந்த கிளைகளை அகற்ற வேண்டும். வேட்டை முடிந்ததும் சுட்ட மானைச் சறுக்கில் வைத்துக் கீழே கொண்டுவர வேண்டும். சறுக்கு என்றால் வேறொன்றுமில்லை. இரண்டு வளைந்த கொய்யாக் கம்புகள், நடுவே சாக்கு, அடியில் வழுக்கலான பனைமட்டை. ஈரப் புல் சரிவில் விட்டால் பறக்கும். முன்னால் ஒருவன் திருப்புவான், பின்னால் ஒருவன் கயிற்றைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைப்பான். மான் இறங்கியபின் காலிச் சறுக்கை மறுபடி மேலே இழுத்துக்கொண்டுபோய் வைப்பதுதான் என் கடைசி வேலை.

அந்த வேட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. மான் கண்முன் வந்தும் குறி தவறவிட்டவருடைய சட்டையின் பின்நுனியைக் கத்தரித்து, மலையடியில் எல்லோரும் கூடுகிற கொட்டகை வாசலில் ஆணியடித்து மாட்டுவார்கள். அந்த வாசலில் கோடுபோட்டது, பூப்போட்டது என்று வரிசையாகத் தொங்கும். இதற்குப் பயந்து, தவறவிட்டவர்கள் சிலர் கொட்டகைக்கே வராமல் பின்பக்க வழியாக ரோட்டுக்கு இறங்கி பஸ் பிடித்துவிடுவதும் உண்டு. அடுத்த வாரம் ஒன்றும் தெரியாத முகத்தோடு வந்து நிற்பார்கள்.

இன்னொரு விதி, வேட்டை முடிந்தது என்று கொம்பு ஊதிவிட்டால் யாரும் சுடக் கூடாது. அன்று மாலை மச்சான் கொம்பு ஊதி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்து, உச்சி மிராடோர் பக்கம் இரண்டு வெடி கேட்டது. அங்கே உட்கார்ந்திருந்தவர் துணிக்கடைக்காரர். கொட்டகையில் ஒரே சிரிப்பு.

"கொம்புக்கு அப்புறம் சுட்டிருக்கார். அதுவும் ரெண்டு தடவை!" என்றான் மச்சான். "சட்டை மட்டும் போதாது, காற்சட்டையும் வெட்டணும்."

நெருப்பு எரிந்தது, கறி வெந்தது, ரம் ஊற்றினார்கள். நான் தலை எண்ணினேன். துப்பாக்கிக்காரர்கள் நாலு பேர்தான். திரும்ப எண்ணினேன். நாலுதான். வெளியே பனிமூட்டம் மரங்களை விழுங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான், துணிக்கடை முதலாளி இன்னும் வரலையே."

"ஆயோ, ஆரம்பிச்சிட்டான் எண்ண! அவர் துணிக்கடைக்காரர்யா. போட்டிருந்தது புதுச் சட்டை. அதை வெட்ட விடுவாரா? இந்நேரம் வக்குவா பஸ்ஸில உட்கார்ந்து சுருட்டுப் பிடிச்சிட்டிருப்பார்."

"பூட்ஸ் மாட்டறப்ப அவர் கழட்டி வச்ச சப்பாத்து இங்கே கிடக்கே?"

"பூட்ஸோட போயிருப்பார். சப்பாத்துக்காகத் திரும்பி வந்து சட்டையைப் பறிகொடுக்க அவர் என்ன உன்னை மாதிரிப் பித்தனா?"

எட்டு ஆட்களும் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். மேனேஜர் என்ன விஷயம் என்று கேட்க, மச்சான் கிரியோலில் சொன்னான். அவரும் சிரித்துவிட்டு, விடு விடு என்று கையசைத்தார். எனக்கோ அவர் முன் எதிர்த்துப் பேசத் தைரியம் இல்லை. "சறுக்கை மேலே வைக்கணும் மிஸ்யே" என்று மட்டும் மேனேஜரிடம் சொல்லிக் கயிற்றை எடுத்தேன்.

மச்சான் விடவில்லை. "மேலே மட்டும் ஆள் இருந்தா என் கையிலேர்ந்து ரெண்டு ரூபாய்! எல்லாரும் சாட்சி!"

சமையல்கார அம்மாள் ஒரு போத்தல் சூடான தேநீரை என் சட்டைப் பைக்குள் திணித்தாள்.

காலிச் சறுக்கை இழுத்துக்கொண்டு ஏறினேன். தூறல் வேறு. நான் கூப்பிட்ட குரல் பஞ்சில் குத்தின மாதிரி அப்படியே அமுங்கிப் போனது. உச்சி மிராடோருக்கு வந்து ஏணியில் ஏறிப் பார்த்தால் ஆள் இல்லை. பலகையில் தொப்பி மட்டும் இருந்தது. பஸ்ஸுக்குப் போகிறவர் தொப்பியை விட்டுவிட்டா போவார்? அப்போது ஒரு சத்தம். டக்... டக்... கல்லில் கட்டை தட்டுகிற மாதிரி.

சத்தம் வந்த திசையில் தவழ்ந்தே போனேன். வழிக்குக் கீழே ஒரு பாறைத் திட்டு, அதன் ஓரத்தில் ஒரு கொய்யாப் புதர். அந்தப் புதர் தாங்கிக்கொண்டிருக்க, துணிக்கடைக்காரர் கிடந்தார். துப்பாக்கிக் கட்டையால் பாறையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை, தண்ணீர் இரைகிற சத்தம் மட்டும் வெகு ஆழத்தில் கேட்டது. கொம்புச் சத்தம் கேட்டு இறங்கியவர் ஈரப் பாறையில் வழுக்கியிருக்கிறார். வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"யாரது... தம்பியா? ரெண்டு தோட்டாதான் இருந்துச்சு. ரெண்டையும் வானத்தைப் பார்த்துச் சுட்டேன். ஏன் ஒருத்தரும் வரல?"

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம் என்று எப்படிச் சொல்வது? "காத்துல சரியாக் கேட்கல முதலாளி" என்றேன்.

ஆள் கூட்டிவரக் கீழே போகலாமா என்று நினைத்தேன். திரும்பி வருவதற்குள் இருட்டிவிடும். அந்த மூட்டத்தில் இதே புதரை மறுபடி கண்டுபிடிக்க முடியாது. அதுவரை புதர் தாங்குமா? வேர் ஒன்று ஏற்கெனவே மண்ணை விட்டு வெளியே வந்திருந்தது. அவர் என் கையைப் பிடித்த பிடியை வேறு விடவில்லை.

அவர் பிடியை மெல்ல விலக்கி, மேலே விட்டிருந்த சறுக்கின் கயிற்றைக் கொண்டுவந்து ஒரு முனையை அவர் அக்குளில் கட்டி, மறுமுனையை மிராடோர்க் கம்பத்தில் சுற்றி, அங்குலம் அங்குலமாக இழுத்தேன். பயந்தவனுக்கு எங்கிருந்துதான் அந்த பலம் வருமோ! மேலே வந்ததும் தேநீரைக் குடிக்க வைத்தேன். காலை ஆடாமல் கட்ட வேண்டும். கம்புக்குப் பதில் காலித் துப்பாக்கி இருந்தது. துணி? என் சட்டை ஏற்கெனவே கந்தல், நனைந்து இற்றுப்போயிருந்தது. கத்தியை எடுத்தேன்.

"மன்னிச்சுக்குங்க முதலாளி. உங்க சட்டை நுனி வேணும்."

அவர் என்னைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார். "கடைசியில வெட்டிட்டீங்களேடா!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். வலியில் அழுதுகொண்டே சிரிக்கிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

சறுக்கில் படுக்க வைத்துக் கட்டினேன். இரண்டு பேர் செய்கிற வேலைக்கு நான் ஒருவன். பின்னால் உட்கார்ந்து, கயிற்றை இடுப்பில் சுற்றி, குதிகால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, முருகா என்று விட்டேன்.

புறப்பட்டது பாருங்கள்! புல் விலகி ஓடியது, மூட்டம் முகத்தில் அறைந்தது. மான் பேசாது. இது பேசியது. "மெதுவா தம்பி! கல்லு! தம்பி, கல்லு! ஐயோ முருகா!" எனக்குக் கல் தெரியவில்லை. ஆனால் அந்தச் சரிவில் தினமும் காலையில் கல் பொறுக்கி ஓரம் போட்டவன் நான். எங்கே மேடு, எங்கே குழி என்று என் குதிகாலுக்குத் தெரியும். பாதிச் சரிவில் இடது பக்கம் பள்ளத்தாக்கு வாயைத் திறந்துகொண்டு இருக்கும். அதற்கு முன்னால் ஒரு பட்டமரம். அந்த மரத்தில் வலப்பக்கம் திருப்பாவிட்டால் இருவரும் போக வேண்டியதுதான். மரம் எங்கே? மூட்டம், மூட்டம், மூட்டம். திடீரென்று கறுப்பாக ஒன்று முன்னால் எழுந்தது. உடம்பு முழுவதையும் வலப்பக்கம் சாய்த்துக் குதிகாலை அழுத்தினேன். பட்டமரம் என் காதை உரசிக்கொண்டு பின்னால் போனது. கயிறு இடுப்பில் தீயாகச் சுட்டது.

அப்புறம் அகலமான சரிவு, பயமில்லாத இடம். முதலாளிக்கு என்ன தோன்றியதோ, மான் விரட்டுகிறவர்கள் கத்துவதுபோல் "அலே! அலே!" என்று கூவ ஆரம்பித்தார். நானும் கூவினேன். வாழ்க்கையில் அவ்வளவு பயமும் அவ்வளவு சந்தோஷமும் ஒன்றாக எனக்கு வந்ததே இல்லை.

கொட்டகை நெருப்பு தெரிந்தது. நாய்கள் குரைத்தன. கொட்டகையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது இதுதான்: மூட்டத்துக்குள் ஏதோ பாய்ந்து வருகிறது, விரட்டுகிற சத்தமும் கேட்கிறது. "மான்!" என்று யாரோ கத்த, மேனேஜருடைய சித்தப்பா மகன்களில் ஒருவர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார்.

"சுடாதீங்க! ஆளு! ஆளு!" என்று அலறினேன்.

"நான் மான் இல்லடா!" என்று முதலாளி அலறினார்.

என் குரலை அடையாளம் கண்டது மச்சான்தான். ஒரே பாய்ச்சலில் போய்த் துப்பாக்கிக் குழாயை மேலே தட்டிவிட்டான். வெடி வானத்துக்குப் போனது. நாங்கள் ரம் போத்தல்களுக்கு நடுவில் போய் நின்றோம்.

மேனேஜர் தொப்பியைக் கழற்றினார். மச்சான் முட்டிபோட்டு உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலையும் நுனியில்லாத சட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எட்டுப் பேரும் சேர்ந்து முதலாளியைத் தூக்கி லாரியில் ஏற்றினார்கள்.

கால் சேர்ந்துவிட்டது. அடுத்த பருவத்தில் அவர் கைத்தடியோடு வந்து, துவைத்து இஸ்திரி போட்ட அந்தச் சட்டை நுனியைத் தன் கையாலேயே கொட்டகை வாசலில் ஆணியடித்தார். "மானே பார்க்காம சட்டை இழந்தவன் நான் ஒருத்தன்தான்" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

பந்தயக் காசை மச்சான் தரவில்லை. கேட்டால், "மேலே ஆள் இருந்தான்னு யார் பார்த்தது? நான் பார்க்கும்போது அவர் கீழேதானே இருந்தார்?" என்பான். ஆனால் அன்றிலிருந்து, எல்லா முகத்தையும் தானே எண்ணிப் பார்க்காமல் அவன் நெருப்பு மூட்ட விட்டதில்லை. ஒரு முகம் குறைந்தால் சறுக்கின் முன்பக்கத்தை அவனே போய்ப் பிடிப்பான். பயப்படுகிறவன் என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒருவனாவது என் பயத்தில் பாதியை வாங்கிக்கொண்டானே என்று எனக்கு இன்றும் ஒரு நிம்மதி; கடன் தீர்ந்தால் எண்ணுவதையும் விட்டுவிடுவானோ என்ற பயத்தில்தான் நான் அழுத்திக் கேட்பதில்லை, அவன் எனக்கு இன்னும் தர வேண்டியது இரண்டு ரூபாய்.