நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

ஏசி மெக்கானிக்குக்கு அந்தப் புத்தகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை. அட்டையில் பச்சை வயலும் சிரிக்கும் குழந்தையும். பூமி சூடாகிறது, ஆனாலும் வழி இருக்கிறது என்றது பின்னட்டை. நூலகத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவிதான் அதைக் கொண்டுவந்தாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி, சாப்பாட்டுத் தட்டருகே வைத்தாள்.

"இந்தப் பக்கத்துல இருக்கிறது நீங்கதான்."

பழைய ஏசியைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் கேஸைக் காற்றில் விடாதீர்கள், ஒரு கிலோ கேஸ் செய்யும் கேடு ஒரு கார் மாதக்கணக்கில் கக்கும் புகைக்குச் சமம் என்றது அந்தப் பக்கம். மெஷின் வைத்து அதைச் சிலிண்டருக்குள் இழுத்துவிடலாமாம். இருபது நிமிட வேலையாம்.

கம்ப்ரசர் செத்துப்போன ஏசி என்றால், இருபத்திரண்டு வருடமாக அவர் வால்வைத் திறந்துவிட்டு, இரைச்சல் அடங்கும்வரை ஓரமாக நிற்பவர்தான். யாரிடமும் படிக்காமல், கழற்றி மாட்டியே கற்ற தொழில். தன் வேலையைப் பார்த்து ஒருவர் விரல் நீட்டியதில்லை என்பதுதான் அவர் தேடிய சொத்து. இப்போது வீட்டுக்குள்ளிருந்தே விரல் நீண்டது.

எழுதினவன் ஸ்பேனரைத் தொட்டே இருக்கமாட்டான் என்று பொருமியபடி, பென்சிலும் கையுமாகப் பிழை தேட உட்கார்ந்தார். ஓரமெல்லாம் எழுதித் தள்ளினார். நூலகப் புத்தகத்தில் கிறுக்கியதற்கு அவள் மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

இருபது நிமிடத்தைப் பொய்யாக்கியே தீருவதென்று, எப்போதோ வாங்கித் தூசி படிந்து கிடந்த கேஸ் இழுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார். பல் டாக்டரின் மொட்டை மாடியில் செத்த ஏசி ஒன்று. மனைவியின் தம்பிதான் அவருக்கு உதவியாள்; மெஷினைப் பார்த்ததும் ஆரம்பித்தான்.

"என்ன அத்தான், அக்கா வீட்ல உங்க வாயை அடைச்சா, நீங்க இங்க வந்து வால்வை அடைக்கிறீங்க?"

"உன் வாயையும் சேர்த்து அடைப்பேன். ஹோசைப் பிடி."

அரை மணி ஆயிற்று. சிலிண்டர் கொதித்தது, கேஸ் ஏற மறுத்தது. கீழேயிருந்து டாக்டர் இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். புத்தகம் தோற்றது என்று அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. திறந்து விட்டுவிட்டுப் போகலாம் என்றான் தம்பி. கை வால்வுக்குப் போனது. ஆனால் ஏசியில் ஒட்டியிருந்த தகடு உள்ளே கேஸ் ஆயிரத்து நூறு கிராம் என்றது. சிலிண்டரை வைத்திருந்த தராசோ முந்நூறுதான் ஏறியதாகக் காட்டியது. அரைகுறை வேலையை விட்டுவிட்டு இறங்கிப் பழகாத கை அப்படியே நின்றது.

"ஒரு வாளி ஐஸ் வாங்கிட்டு வா."

ஐஸ் தண்ணீரில் சிலிண்டரை இறக்கினார். சூடு தணிய, கேஸ் வந்தது. கடைசியில் துடைத்து எடை போட்டபோது ஏறியிருந்தது ஆயிரத்து நாற்பது. ஐம்பது நிமிடம். இத்தனை வருடம் காற்றில் விட்டதற்கு எடை இருக்கிறது என்பதை அன்றுதான் தராசில் பார்த்தார். பார்த்ததும் கோபம்தான் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு ஏசிக்கு இவ்வளவு நேரம் உட்கார்ந்தால் வேறு மெக்கானிக்கோடு வேலைக்குப் போய்விடுவேன் என்றான் தம்பி. போ என்றார். போய்விட்டான்.

வீட்டில் மனைவி ரப்பரால் அவர் குறிப்புகளை அழித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தைப் பிடுங்கி, நூற்றுப் பன்னிரண்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார்: 'இருபது நிமிடம் பொய். ஐம்பது. சிலிண்டரை ஐஸ் வாளியில் வைக்கணும்.'

அவள் படித்தாள். ரப்பரைக் கீழே வைத்தாள்.

"அதை மட்டும் பேனாவால எழுதுங்க. கையெழுத்துதான் சகிக்கல."