‘ஆ’ சொல்லும்மா

ஜவ்வாது மலையில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சப் சென்டர், தடுப்பூசிப் பெட்டி, பழைய ஸ்கூட்டி, இவ்வளவுதான் என் ராஜ்ஜியம். என் ஏரியாவில் ஓர் ஆசிரமமும் இருந்தது. போலீஸ், கோர்ட்டு என்ற பேச்சே அங்கே ஆகாது. எது நடந்தாலும் ஆசிரமத் தலைவரான ஐயா உள்ளேயே பேசி முடித்துவிடுவார்.

ஒருநாள் காய்ச்சல் என்று என்னைக் கூப்பிட்டார்கள். சமையல் சேவை செய்துகொண்டிருந்த செல்விக்கு. கல்யாண வயசுப் பெண். என்ன கேட்டும் வாய் திறக்கவில்லை. ஆசிரமத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியம்மாதான் பதில் சொன்னார்.

“மௌன விரதம்ங்க. பூசை பண்றவரு கைய புடிச்சி இழுத்தாருன்னு சொல்லிட்டா. எங்க ஐயா ரெண்டு பேரையும் விசாரிச்சி, இவளுக்கு விரதம் குடுத்துட்டாரு.”

“அவருக்கு இன்னா விரதம்?”

“அவருக்கு எப்பிடிங்க? பூசையில மந்திரம் சொல்லணுமே!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு டார்ச்சை எடுத்தேன்.

“தொண்டைய பாக்கணும். ‘ஆ’ சொல்லும்மா.”

செல்வி பெரியம்மாவைப் பார்த்தாள். “வைத்தியத்துக்குத்தான, சொல்லு” என்றார் அவர்.

“ஆ...” என்றாள். நான் டார்ச்சை அணைத்த பிறகும் நிறுத்தவில்லை. அந்த ஒற்றை எழுத்து அழுகையாகி, அப்புறம் பேச்சானது.

“நர்ஸம்மா, இன்னும் வந்து கதவ தட்றாரு. என்ன எங்கம்மா வூட்ல வுட்ருங்க!”

பெரியம்மா வாசலை மறித்தார். “காய்ச்சல் ஏறி எதனா ஆச்சுன்னா நீங்கதான் பதில் சொல்லணும்” என்றேன். ஒதுங்கிக்கொண்டார். ஸ்கூட்டியில் ஏற்றி ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். காய்ச்சல் இறங்கியதும் அவள் அம்மாவோடு மகளிர் ஸ்டேஷனுக்குப் போனாள். தன் வாயாலேயே எல்லாவற்றையும் சொன்னாள். கேஸ் இன்னும் நடக்கிறது.

ஊரில் பாதிப் பேருக்கு ஆசிரமத்துச் சாப்பாடு. அதனால் விரதம் இப்போது எனக்கு வந்தது. குழந்தையைத் தூக்கி வருவார்கள், ஊசி போட்டதும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவார்கள். நான் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். குவார்ட்டர்ஸில் தனியாகச் சோற்றைப் பிசைந்தபடி எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன். ஓய்வு பெற்று, அங்கேயே வாடகைக்கு வீடு பிடித்த பிறகும் அதே கதைதான்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்களே, ஒருத்தி பேசமாட்டாள் என்று இன்னொருத்தர் சொன்னால் நம்பாதீர்கள். அவளையே கேளுங்கள்.

செல்வி மட்டும் போன் பண்ணுவாள். எடுத்ததும், “‘ஆ’ சொல்லுங்க நர்ஸம்மா” என்பாள், கிண்டலாக.

சொல்வேன். பல நாள் என் வாயிலிருந்து வரும் முதல் சத்தமே அதுதான்.