ராசாத்தாளுக்கு நான் கொடுத்த குரல்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்தது எனக்கு. ஆதாரமாக ஒரு ஆடியோ ஃபைல் என் லேப்டாப்பில் இருக்கிறது. நீளம் ஏழு நிமிடம் பன்னிரண்டு விநாடி. பதிவான நாள் செவ்வாய்க்கிழமை, ஆரம்பித்த நேரம் மதியம் 2.12. பட்டப்பகல். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என் பெயர் பூஜிதா. வயது இருபத்தேழு. என் முகம் உங்களுக்குத் தெரியாது, குரல் தெரிந்திருக்கலாம். கோவையில் ஆடித் தள்ளுபடி விளம்பரம் கேட்டிருந்தால் அதில் பாதி நான்தான். பிறகு ரித்விக் என்ற நண்பன் தொடங்கிய யூடியூப் சேனலில் சேர்ந்தேன். நம் பக்கத்துக் கொலைகள், காணாமல் போனவர்கள், போலீஸ் மூடிவிட்ட வழக்குகள், எல்லாம் ஆவணப்படம் மாதிரி. அவன் முகம், என் குரல். ஒரே வருடத்தில் மூன்று லட்சம் பேர் சேர்ந்தார்கள். தலைகால் புரியவில்லை எங்களுக்கு.

அதில் பெரிய ஹிட் ராசாத்தாள் வழக்கு. பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமம். ராசாத்தாளும் அவர் கணவர் சரவணனும் ஒரே குடோனில் விசைத்தறி ஓட்டியவர்கள். ஒருநாள் ராசாத்தாள் தோட்டத்துக் கிணற்றில் பிணமாகக் கிடந்தார். கால் தவறி விழுந்துவிட்டார் என்று போலீஸ் முடித்துவிட்டது. நாங்கள் முடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் எங்கள் கேமரா முன்னால், "தெனமும் அந்த ஊட்டுல ஒரே கத்தலுங்க" என்றார். எங்களுக்கு அது போதும்.

ரித்விக் ஒரு யோசனை சொன்னான். ராசாத்தாள் கடைசியாகப் பேசுவது போல ஒரு வசனம். "ஏனுங்க, என்னை விட்டுடுங்க... யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்..." நான் மெதுவாக, நடுங்கி, அழுகையை அடக்கிக்கொண்டு பேசினேன். நன்றாகவே பேசித் தொலைத்தேன். திரையின் மூலையில் 'சித்தரிப்பு' என்று சின்ன எழுத்தில் மூன்று விநாடி போட்டோம். ஆனால் வாட்ஸ்அப்பில் அந்த ஆடியோ மட்டும் தனியாகச் சுற்றியது. சாகும் முன் போனில் பதிவான நிஜக் குரல் என்று ஊரே நம்பியது. நாங்கள் மறுக்கவும் இல்லை.

அப்புறம் எங்கள் பார்வையாளர்கள் துப்பறியக் கிளம்பினார்கள். நானூறு பேர் கொண்ட ஒரு குரூப். ஒருவர் மேப்பில் கிணற்றைக் கண்டுபிடித்தார். இன்னொருவர் சரவணன் வேலை செய்யும் குடோனைக் கண்டுபிடித்தார். வேறொருவர் நேரிலேயே போய், அவர் டீக்கடையில் நிற்பதை அவருக்குத் தெரியாமல் வீடியோ எடுத்துப் போட்டார். 'பொண்டாட்டி செத்து மூணு மாசம்கூட ஆகல, வடை சாப்பிடுறான் பாருங்க.' அதற்கு மூவாயிரம் லைக். குடோனில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் மகள் ஹர்ஷிணி நர்ஸிங் படிக்கிறாள் என்பதையும், எந்தக் கல்லூரி என்பதையும்கூடத் தோண்டி எடுத்தார்கள்.

அந்தப் பெண் எனக்கே மெசேஜ் போட்டிருந்தாள். "அக்கா, எங்கம்மா குரல் அப்படி இருக்காது. அப்பா நாலு நாளா சாப்பிடறதில்லை. தன்னை ஏதாவது பண்ணிக்குவாரோன்னு பயமா இருக்கு. அந்த வீடியோவை எடுத்துடுங்க, ப்ளீஸ்."

படித்தேன். பதில் போடவில்லை. ரித்விக்கிடம் காட்டினேன். "குடும்பம்னா அப்படித்தான் சொல்லும். பாகம் ரெண்டுல இதையே யூஸ் பண்ணலாம்" என்றான். நான் சிரித்தேன். அதை எழுத இப்போது கை கூசுகிறது.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

நான் குடியிருப்பது சூலூரில், ஒரு மாடி வீடு. தெரு முழுக்கத் தறி. கீழே வீட்டுக்கார அக்கா பொன்னாத்தாளுக்கே நான்கு தறி ஓடுகிறது. தலைக்கு மேலே விமானப்படை விமானங்கள் வேறு. குரல் பதிவு செய்பவள் குடியேற இதைவிட மட்டமான இடம் கிடையாது, வாடகைக்காக வந்தேன். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை நாலு வரை கரண்டை நிறுத்துவார்கள். தெருவே திட்டும். எனக்கு அது நோம்பி, திருவிழா. தறி எல்லாம் நின்றுவிடும். அன்றைக்குத்தான் முக்கியமான வசனங்களைப் பேசுவேன்.

அன்று 9.04க்குக் கரண்டு போனது. பாகம் இரண்டு மறுநாள் மாலை ஆறு மணிக்கு. 1.50க்கு வழக்கம்போல துணி அலமாரிக்குள் மைக்கை வைத்து, ஹெட்ஃபோனை மாட்டி, தலைக்கு மேலே கனமான போர்வையைப் போட்டுக்கொண்டேன். எதிரொலி வராமல் இருக்க இதுதான் ஏழைகளின் ஸ்டுடியோ. லேப்டாப்பில் பேட்டரி 71 சதவீதம். பேச வேண்டியது ஒரே வரி. "அவரு என்னைக் கொன்னுபோடுவாருன்னு எனக்கு முன்னாடியே தெரியும்..."

1.58. முதல் டேக். பேசிவிட்டுப் போட்டுக் கேட்டேன். "அவரு என்னை..." அதோடு நின்றுவிட்டது. மீதி பதிவாகவில்லை. கேபிள் லூசாக இருக்கும் என்று அழுத்திச் செருகினேன்.

2.04. இரண்டாவது டேக். அதே இடத்தில் அறுந்திருந்தது. ஒரு எழுத்து முன்னேயும் இல்லை, பின்னேயும் இல்லை. அதற்குப் பிறகு இருந்த அமைதியில் லேசாக ஒரு சத்தம். டக்.

2.09. மூன்றாவது டேக். நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கோடு நிற்கவில்லை.

டக்கட... டக்கட... டக்கட...

தறி.

கரண்டு வந்துவிட்டதோ? ஹெட்ஃபோனைக் கழற்றினேன். ஒரு சத்தமும் இல்லை. வெளியே ஒரு காக்கை கரைந்தது. ஃபேன் சுற்றவில்லை. ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தேன். கரண்டு இல்லை.

மறுபடி மாட்டினேன்.

டக்கட டக்கட டக்கட டக்கட.

இப்போது ஒரு தறி இல்லை. நாலு. பத்து. ஒரு குடோன் முழுக்க ஓடுவது போல.

எனக்கு வீம்பு அதிகம். 2.12க்கு ரெக்கார்ட் பட்டனை அழுத்தினேன். எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம் என்று.

தொண்டையில் பஞ்சு அடைத்த மாதிரி அரித்தது. எண்ணெய் வாடை வந்தது. என் அறையில் எண்ணெய் கிடையாது.

அப்புறம்... பிடரியில் மூச்சு.

போர்வைக்குள்ளே.

நான் அசையவில்லை. அசைய முடியவில்லை.

காதுக்குள் ஒரு பெண் குரல். அழவில்லை. நடுங்கவில்லை. தறிச் சத்தத்தை மீறி ஒரே அதட்டல்.

"சத்தமாப் பேசு கண்ணு!"

அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது தரையில் கிடந்தேன். போர்வை அறையின் அந்த மூலையில் இருந்தது. யாரோ கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மணி 2.20. பேட்டரி 4 சதவீதம்.

திறந்தேன். பொன்னாத்தாள் அக்கா. மூச்சு வாங்க மாடி ஏறி வந்திருந்தார்.

"ஏன் கண்ணு, ஆரைக் கூப்பிட்டு அப்பிடிக் கத்துன?"

"நான் கத்தலையேக்கா."

"தெருவுக்கே கேட்டுது. தறி ஓட்டறவளாட்டக் கத்தறே."

"என்ன... என்ன சொன்னேன்?"

"ஆரையோ ஊட்டுக்குப் போகச் சொன்ன. ஏன் அம்மணி, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்குது?"

அவர் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்துவிட்டுப் போனார். நாலு மணி வரை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

4.02க்குக் கரண்டு வந்தது. சார்ஜ் போட்டு, அந்த ஃபைலைத் திறந்தேன்.

அதில் தறிச் சத்தம் இல்லை. அந்தப் பெண் குரலும் இல்லை. நாலு நிமிடம் ஐம்பது விநாடி வரை என் மூச்சு மட்டும். பிறகு நான் பேசுகிறேன். பேச்சா அது? தொண்டை கிழிய, ஒரு காட்டின் அந்தக் கோடிக்குக் கேட்கிற மாதிரி.

"ஏனுங்க! அங்கெதுக்கு நின்னுட்டிருக்கறீங்க? அக்கட்டால வாங்க! புள்ளைக்கு ஆரு இருக்கறாங்க? செருப்பத் தொட்டுக்கிட்டு ஊட்டுக்குப் போங்க! முள்ளு கெடக்குது!"

மூன்று முறை. ஒரே வார்த்தைகள். எங்கள் வீட்டில் தெலுங்குதான். செருப்பைப் போடுவேன், மாட்டுவேன். 'தொட்டுக்கிட்டு' என்று என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. கடைசியில் இரண்டு விநாடி ஒரு விசும்பல். அது மட்டும் என்னுடையது போல இருந்தது.

ரித்விக்கிடம் ஃபைலைப் பற்றிச் சொல்லவில்லை. பாகம் இரண்டுக்குக் குரல் தர மாட்டேன் என்று மட்டும் சொன்னேன். முதல் பாகத்தையும் எடு என்றேன். "லூசாப்பா நீ?" என்று கேட்டான். புதன்கிழமை ஆறு மணிக்கு அவன் குரலிலேயே வெளியிட்டான். சண்டை போட்டேன், கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. சேனல் அவன் பெயரில் இருந்தது.

வெள்ளிக்கிழமை சூலூரிலிருந்து பல்லடத்துக்குப் பஸ் ஏறினேன். அங்கிருந்து டவுன் பஸ். மொத்தம் இருபது கிலோமீட்டர் இருக்கும். வழி கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வீடு எது என்று எங்கள் குரூப்பே போட்டோ போட்டிருந்ததே.

கதவைத் திறந்தது ஹர்ஷிணி. "நான் பூஜிதா" என்றதுமே முகம் மாறிவிட்டது. பெயரைவிடக் குரலைத்தான் அடையாளம் கண்டிருப்பாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"அப்பாவைப் பார்க்கணும்."

உள்ளேயிருந்து இடி மாதிரி ஒரு சத்தம். "ஆரு அம்மணி அது!"

நான் இரண்டு அடி பின்னால் போய்விட்டேன். ஒல்லியான மனிதர் ஒருவர் வெளியே வந்தார். சரவணன். என்னைப் பார்த்ததும் மறுபடி அதே இடி. "வெயில்ல நிக்காதீங்க! உள்ள வாங்க! தண்ணி குடிங்க!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"அவரு பேச்சே அப்படித்தான்" என்றாள் ஹர்ஷிணி. "முப்பது வருசமாத் தறியில நின்னவருங்க. அம்மாவும் அப்படித்தான். மெதுவாப் பேசுனா ரெண்டு பேருக்கும் காது கேக்காது."

தினமும் அந்த வீட்டில் ஒரே கத்தல். அது இதுதான். சாப்பிட்டாயா, தண்ணி பிடித்தாயா என்று இரண்டு பேர் பேசிக்கொண்டது. நான் தறிக்காரர் வீட்டு மாடியில் குடியிருப்பவள். பொன்னாத்தாள் அக்கா ரகசியம் சொன்னால்கூடத் தெருமுனைக்குக் கேட்கும். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

"மன்னிச்சுடுங்க" என்றேன்.

அவர் காதில் கையை வைத்துக் குனிந்தார்.

"மன்னிச்சுடுங்க!" என்று கத்தினேன். ஜன்னலில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினார். அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார். அவர் தாழ்த்தியதே மற்றவர்கள் பேசுகிற அளவுக்கு இருந்தது.

"செவ்வாக்கெழம மத்தியானம் கெணத்து மேட்டுல நின்னேனுங்க. போயிச் சேந்தர்றதுன்னு முடிவு பண்ணிப்போட்டேன். புள்ளைக்குத் தெரியாது."

அவர் வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"புள்ள போன் பண்ணுச்சு. எடுக்கலீங்க." போனை எடுத்துக் காட்டினார். தவறிய அழைப்பு. செவ்வாய். 2.16.

"போனையும் செருப்பையும் மேட்டுல கழட்டி வெச்சேன். ஒரு கால எடுத்து வெச்சேன். அப்பப் பின்னால இருந்து கூப்பிட்டா."

"யாரு?"

"செருப்பத் தொட்டுக்கிட்டு ஊட்டுக்குப் போங்க, முள்ளு கெடக்குதுன்னா. மூணு தரம். திரும்பிப் பாத்தா... ஆருமில்லீங்க."

அந்த ஃபைலை நான் யாருக்கும் போட்டுக் காட்டவில்லை. இதை எழுதும் இந்த நாள் வரை காட்டவில்லை.

"உங்க சம்சாரம் குரலா?" என்று சத்தமாகக் கேட்டேன்.

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"பேச்சு அவளோடதுங்க. குரலு... உங்களோடது."

"என் குரல் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாமப் போகுமுங்களா? மூணு மாசமா ஆருடைய போன்லயும் அதுதானுங்க. அந்தக் குரலக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கெணத்துக்கே போனேன்."