ஹெட் ஆபீஸ் பேசுகிறேன்

ஒரே நேரத்தில் இருவர் பேசினால் இருவர் பேச்சும் கேட்காது. இந்தச் சின்ன உண்மையை ஐந்து கிராணிமார்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. இப்போது என் அண்ணன் மகள் வீட்டு மேசையில் உட்கார்ந்தபடியே கணினியில் பத்துப் பேரைக் கூட்டி வேலை பேசுகிறாள். "மைக்க அடைங்க, ஒங்க வீட்டு மிக்சி சத்தம் கேக்குது" என்று அவள் யாரையோ அதட்டும்போது எனக்குச் சிரிப்பு வரும். இந்த அதட்டலையெல்லாம் நான் எண்பதுகளிலேயே செய்து முடித்துவிட்டேன். மைக்கைத் திறந்து வைத்து என் மானத்தைக் கப்பலேற்றிக்கொண்டதும் அப்போதுதான்.

மலேசியாவில் ரந்தாவுக்குப் பக்கத்தில் ஐந்து டிவிசன்கள் கொண்ட ரப்பர் தோட்டம் அது; டிவிசனுக்கு ஒரு கிராணி, ஆட்களும் கணக்கும் அவர் பொறுப்பு. அதன் தலைமை அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தேன். அதற்கு முன் லோபாக்கில் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் மந்தினில் பேசி முடித்த என் கல்யாணம் நின்றுபோன பிறகு, அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். சாவு வீட்டில் பேசுவதுபோலப் பேசினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? தோட்டத்து வேலையோடு தங்குவதற்கு வீடும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அலுவலகத்துக்குப் பின்னாலேயே எனக்கு ஓர் அறையும் அடுப்படியும் கொடுத்தார்கள். லயத்தில் குடியிருந்த தொழிலாளிப் பெண்களுக்கு நான் ஆபீஸ் அம்மா. என்னைக் கண்டால் வழிவிட்டு நிற்பார்களே தவிர, நின்று பேசமாட்டார்கள். ஸ்டாப் வீட்டு மனைவிமார்கள், கல்யாணமாகாமல் தனியாக இருக்கிறவளை வீட்டுக்குள் விட யோசித்தார்கள். இரண்டுங்கெட்டானாக நடுவில் நின்றேன். சனிக்கிழமை மத்தியானம் அலுவலகத்தைப் பூட்டினால், திங்கட்கிழமை விடியும்வரை என் வாய்க்குச் சோறு தின்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் டிவிசன் ஆபீஸ்களுக்கெல்லாம் ரேடியோ செட் வந்தது. சிரம்பானிலிருந்து வந்த டெக்னிஷன் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, என் மேசையில் பெரிய செட்டை வைத்தார். பேச வேண்டுமானால் மைக்கின் அடியிலிருந்த கட்டையை அழுத்த வேண்டும். அழுத்தியிருக்கும்வரை நாம் பேசுவது ஐந்து டிவிசனுக்கும் கேட்கும். ஆனால் அவர்கள் பேசுவது எதுவும் நமக்குக் கேட்காது. பேசி முடித்ததும் "ஓவர்" சொல்லிக் கையை எடுத்தால்தான் அடுத்தவர் வாயைத் திறக்கலாம். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு ஆள் எடுத்து முடிந்ததும், எத்தனை பேர் வந்தார்கள், மழை உண்டா, மரம் ஈரமா, பால் வெட்டு நடக்குமா என்று ஐந்து கிராணிமார்களும் செட்டில் சொல்ல வேண்டும். மானேஜர் தொரை ரொட்டி தின்று முடிப்பதற்குள் முழு நிலவரமும் அவர் மேசைக்குப் போக வேண்டும். அந்தக் கூட்டத்தை நடத்துவது என் வேலை.

முதல் வாரம் சந்தைக்கடைதான். எல்லாரும் ஒன்றாகக் கட்டையை அழுத்துவார்கள். செட் கீச்சென்று கத்தும். தொரை கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார். நான் ஒரு வரிசை போட்டேன். ஐந்தாம் டிவிசன் கடைக்கோடியில் இருந்தது. அங்கே பேட்டரி சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் அவர்கள் முதலில், பிறகு நான்கு, மூன்று என்று இறங்கி வரட்டும் என்றேன். ஒன்றாம் டிவிசன் பெரிய கிராணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "சர்வீஸ்ல நான்தாம்மா மூத்தவன். நான் கடைசியா பேசறதா? தொரகிட்டயே கேட்டுடுறேன்" என்றார். தோட்டத்தில் கல்யாணப் பந்தியானாலும் கோயில் தீபாராதனையானாலும் யாருக்கு முதலில் என்பதில்தான் வெட்டுக்குத்தே வரும். அது செட்டிலும் வரும் என்று நான் நினைக்கவில்லை. கடைசியில், கூட்டம் தொடங்க அவர் ஒரு வணக்கம் சொல்வது, பிறகு ஐந்தாம் டிவிசன் பேசுவது என்று சமாதானமானது. அந்த ஒரு வணக்கத்தை அவர் தொண்டையைக் கனைத்துக் கனைத்துச் சொல்லுவதற்குள் ஐந்தாம் டிவிசனின் பேட்டரி பாதி இறங்கிவிடும்.

அந்தக் காலை நேரத்துக்காகவே நான் படுத்து எழுந்தேன் என்றால் பொய்யில்லை. மூன்றாம் டிவிசன் கிராணிக்கு வாய் அடங்காது. "ஒன்னாம் டிவிசன் கனைச்சா நம்ம பக்கம் ரப்பர் கொட்ட உதிருது லா. ஓவர்" என்பார். இரண்டாம் டிவிசன் பந்து விளையாட்டில் தோற்றுவிட்டால், "நாலு கோல் வாங்குன வாயால கணக்கு சொல்றாரு, கேட்டுக்கங்க" என்பார். இரண்டாம் டிவிசன்காரர் ஓவர் சொல்ல மறந்துவிட்டுத் திட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், கட்டையை அழுத்தாமல். என்னோடு பேசும் முறை வந்ததும் அதே மூன்றாம் டிவிசன் கிராணியின் குரல் சட்டை மாட்டிக்கொண்டு வரும்: "வணக்கம் ஹெட் ஆபீஸ். நிலவரம் சொல்றேன், எழுதிக்கிறீங்களா? ஓவர்."

ஹெட் ஆபீஸ். அதுதான் என் பெயர். எங்கள் பக்கத்தில் வேண்டியவர்களைத்தான் கேலி செய்வார்கள். ஒருவரை யாருமே கேலி செய்யவில்லை என்றால் அவரை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள் என்று பொருள். இந்த ஐந்து பேரில் ஒருவருக்காவது நான் ஓர் ஆளாகத் தெரிகிறேனா, இல்லை மேசைமேல் இருக்கும் செட்டின் ஒரு பாகமா? அந்த நாட்களில் என்னை அரித்துக்கொண்டிருந்தது இந்த ஒரு கேள்விதான்.

அதனால் எனக்கு ஒரு பைத்தியக்காரப் பழக்கம் வந்தது. கூட்டம் முடிந்து, ஆபீசில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, நானாகவே இன்னொரு கூட்டம் நடத்துவேன். கட்டையில் கை வைக்காமல், அந்த ஐந்து பேரிடமும் வரிசையாகப் பேசுவேன். சொந்தக்காரர்களிடம் பேசுவதுபோல.

ஒரு நாள் விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஐந்து டிவிசனிலும் வெட்டு இல்லை. ஆட்கள் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள்; கிராணிமார்கள் செட்டுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தொரை சிரம்பானுக்குப் போயிருந்தார். நான் நிலவரத்தை எழுதிவிட்டு, தடித்த மழைக் கணக்குப் பைலை மேசைமேல் தள்ளினேன். அது மைக்கின் கட்டைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. கட்டை அழுந்தினால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எப்போதோ செத்துப்போயிருந்தது. அடுத்த தடவை மாற்றுகிறேன் என்று டெக்னிஷன் ஒவ்வொரு தடவையும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் காலை இட்டலியைப் பிரித்து வைத்துக்கொண்டு என் கூட்டத்தைத் தொடங்கினேன்.

"ஒன்னாம் டிவிசன், மெளகு ரசம் வெச்சுக் குடிக்கச் சொல்லுங்க ஒங்க வீட்டுல. அந்தத் தொண்டைய வெச்சுக்கிட்டு எப்படித்தான் குடும்பம் நடத்துறீங்களோ? ஓவர். ரெண்டாம் டிவிசன், பெரிய பொண்ணுக்குப் பரீட்ச முடிஞ்சுதா? ஓவர். மூனாம் டிவிசன், எல்லாரையும் கிண்டல் பண்றீங்களே, என்னைய மட்டும் ஏன் விட்டுட்டீங்க? நான் என்ன தொர வீட்டுப் பீங்கானா, தொட்டா ஒடைஞ்சுபோக?"

அதோடு நிறுத்தியிருக்கலாம். மழை நாளில் மனசு ஒரு மாதிரி இளகிக் கிடக்கும். நான் இட்டலியைப் பிட்டுக்கொண்டே மேலும் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் யாரோடும் பேசுவதில்லை, திங்கட்கிழமை காலையில் வணக்கம் சொல்ல வாய் திறந்தால் குரலே எழும்ப மாட்டேன் என்கிறது, என் குரல் எனக்கே வேற்றாள் குரல் மாதிரி இருக்கிறது என்றெல்லாம் சொன்னேன். "ஞாயித்துக்கெழமைன்னு ஒன்ன எந்தப் பாவி கண்டுபுடிச்சானோ" என்றும் சொன்ன ஞாபகம். அழுதேனா என்று கேட்டால், ஆமாம், கொஞ்சம் அழுதேன்.

வெளியே மோட்டார் சத்தம் கேட்டது. பிளாஸ்டிக் கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஒருவர் உள்ளே வந்தார். மாதக் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்த முகம். மூன்றாம் டிவிசன் கிராணி. நேராக மேசைக்கு வந்து, மைக்கின் மேலிருந்த பைலைத் தூக்கி ஓரமாக வைத்தார். கட்டை டக்கென்று மேலே எழும்பியது. பூமி பிளந்து என்னை விழுங்கவில்லை, அதுதான் குறை.

"செட்டுல ஒரே எரைச்சல் லா. கரகரன்னு. ஒன்னும் வெளங்கல" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ஒன்னும் வெளங்கலன்னா எதுக்கு இந்த மழையில நனைஞ்சுக்கிட்டு வந்தீங்க?"

"யாரும் பேச முடியலங்க. கடைசி டிவிசன்ல பேட்டரி வேற தீந்துடும்." கோட்டை உதறிக்கொண்டார். "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு மழைக்குள் போய்விட்டார். ஊரையே கிண்டல் செய்கிற மனிதர் என்னைப் பார்த்து ஒரு கேலிச் சொல்லும் சொல்லவில்லை. ஐந்து பேரும் ஒன்று விடாமல் கேட்டிருக்கிறார்கள் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலைக் கூட்டம் தொடங்கியது. பெரிய கிராணி கனைக்காமல் வணக்கம் சொன்னார். இரண்டாம் டிவிசன்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஓவர் சொன்னார். கேலி, சிரிப்பு, சண்டை எதுவும் இல்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. லோபாக்கில் எந்தத் தாழ்ந்த குரலுக்குப் பயந்து ஓடிவந்தேனோ, அது இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. நாலு பேர் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நானும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசி, கணக்கை வாங்கிக்கொண்டு கையை எடுத்துவிட்டேன். வாரம் முழுக்க இப்படியே போனது. திங்கட்கிழமை தொரையிடம் சொல்லி, ரப்பர் பதப்படுத்தும் பால் ஸ்டோருக்கு மாற்றல் கேட்பது என்று சனிக்கிழமை முடிவு செய்தேன். ஸ்டோரில் இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பூட்டிய ஆபீசுக்குள் செட் கூப்பிட்டது. தீ, விபத்து என்று ஏதாவது அவசரம் வரலாம் என்பதற்காக அதை அணைக்கக் கூடாது என்பது தொரையின் உத்தரவு. அதுவரை ஞாயிறன்று அது வாய் திறந்ததே இல்லை. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"ஹெட் ஆபீஸ் பேசுறேன். என்ன ஆச்சு? ஓவர்."

கட்டையிலிருந்து கையை எடுத்தேன். பிறகு யாரோ மெதுவாகப் பேசினார்கள்.

"வணக்கம். அஞ்சாம் டிவிசன். இங்க மழ இல்ல. ஓவர்."

"நாலாம் டிவிசன். இங்கயும் மழ இல்லங்க. ஓவர்."

"மூனாம் டிவிசன். வெயில் நல்லா அடிக்குது. வீட்டுல துணி தொவச்சுக் காயப் போட்டாச்சு. ஓவர்."

"ரெண்டாம் டிவிசன். மழ இல்ல."

"ஒன்னாம் டிவிசன்" என்று பெரிய கிராணி கனைத்தார். "விடியக் காலையில லேசாத் தூறுச்சும்மா. இப்ப விட்டுருச்சு. ஓவர்."

அவ்வளவுதான். அதற்குமேல் என்ன பேசுவதென்று அந்த ஐந்து ஆண்களுக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரட்டு கிடையாது, வெட்டு கிடையாது. மழை பெய்தால் என்ன, பெய்யாவிட்டால் என்ன? என்னிடம் பேச அவர்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"இங்கயும் மழ இல்ல" என்றேன். குரல் எழும்பியது. "ரொம்ப நன்றி. ஓவர்."

செட் அடங்கிவிட்டது. நான் கதவைப் பூட்டிக்கொண்டு வந்து மிச்ச வெங்காயத்தை உரித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைய பகல் முன்னெப்போதையும்விட நீளமாக இருந்தது. ஒரு வாய் தண்ணீர் குடித்த பிறகுதான் தாகம் எவ்வளவு என்று தெரியும். திங்கட்கிழமை தொரையிடம் ஸ்டோர் வேலையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு காலையிலேயே குளித்து, தலைவாரிப் பொட்டு வைத்து, நல்ல சேலையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போய் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். இந்த வாரமும் கூப்பிடுகிறோம் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை.