பசை காய்ந்த தாள்கள்

கலியமூர்த்தி சாரைப் பார்க்கத்தான் கிளம்பியிருந்தேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அரியலூர் பஸ் ஏறி உட்கார்ந்த நேரத்தில் அவர் மனைவி தனம் அண்ணியிடமிருந்து போன் வந்தது. "உங்க சார் போயிட்டாருங்க தம்பி" என்றார். அடுத்த மூச்சிலேயே கேட்டார். "சங்கத்துக்காரங்கல்லாம் வருவாங்க. ஆல்பம் எங்கன்னு கேட்டா நான் என்னங்க சொல்றது?" கணவரின் உடல் கூடத்தில் கிடக்கும்போது ஒரு மனுஷிக்கு இந்தப் பயம் வந்திருக்கிறது.

அவர் பயந்தபடியேதான் நடந்தது. மாலை போட்ட கையோடு நம் தபால்தலைச் சங்கத்தார் இரண்டு பேர் ஆல்பத்தைக் கேட்டார்கள். அண்ணி எடுத்துக் காட்டிய டிராயிங் நோட்டைப் புரட்டிய ஒருவர், "இப்படிப் பாழாக்கிட்டீங்களேம்மா" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். சொன்னவர் பெயரை எழுத மாட்டேன். அவரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

புதிய உறுப்பினர்களுக்குச் சாரைத் தெரிந்திருக்காது. கால்நடை ஆய்வாளராக இருந்தவர். விக்கிரமங்கலம், மீன்சுருட்டிப் பக்கம் மாட்டுக்கு ஊசி போடப் போன வீடுகளில், வெளிநாட்டுக் கடிதம் வந்திருந்தால் கவரைக் கேட்டு வாங்கிக்கொள்வார். "டாக்டரு மாட்டப் பாக்க வந்தாரா, தபாலப் பாக்க வந்தாரா?" என்று ஒரு வீட்டில் கேட்டே விட்டார்கள். எந்த நாட்டையும் வேண்டாம் என்று சொல்லாதவர் அவர். ஆகவே உலகத்தையே அடுக்கிவைக்க ஓர் ஆல்பம் தேவைப்பட்டது. அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டார்.

ஒவ்வொரு தபால்தலைக்கும் கட்டம் அச்சிட்டு வரும் ஆல்பத்தை நான் சிபாரிசு செய்தேன். புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது நம்மகிட்ட இல்லாததத்தான் தெனமும் காட்டும். அது எதுக்குங்க எனக்கு?" தைத்த புத்தகமும் ஆகாது. "நாளைக்கு ஒரு நாடு ரெண்டாப் பிரிஞ்சா நடுவுல தாள் சொருக முடியுமா?" கழற்றி மாட்டும் தாள்கள்தான் என்று முடிவானது. அடுத்த கேள்வி, எந்தத் தாள்? கடைக்கு ஒன்றாகத் துண்டு வெட்டி வந்து ஜன்னலில் தொங்கவிட்டு, எது வெயிலில் பழுக்கிறது என்று ஒரு கோடை முழுவதும் பார்த்தார். வீட்டுக்கு வந்த உறவினர்கள் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

பசை மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. கல்யாண போட்டோ ஒட்டும் பிசின் ஆல்பத்தில் தபால்தலைகளை அடுக்கி ஒருவர் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். சார் சாமணத்தால் ஒன்றை மெதுவாகத் தூக்கினார். முகம் மட்டும் உரிந்து வந்தது. முதுகு தாளிலேயே நின்றுவிட்டது. "பசையில மாட்டுனா அதோட கத முடிஞ்சுதுங்க" என்றவர், அன்று டீகூடக் குடிக்கவில்லை.

அப்படிப்பட்டவருக்கு மறதி நோய் வந்தது. தாளில் உள்ள சிறு உறைகளுக்குள் தபால்தலையை நுழைக்க அவருக்கு வரவில்லை. மடியிலும் தரையிலுமாகச் சிந்தும். அதைப் பார்த்து அழுவார், அழுதுகொண்டே எழுந்து வெளியே போய்விடுவார். வெளியே சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலை. ஒருநாள் நடுச்சாலையில் நின்றவரை டீக்கடைக்காரர் இழுத்து வந்து வீட்டில் விட்டார். மறுநாள் அண்ணி கடைக்குப் போய், பள்ளிப் பிள்ளைகளின் டிராயிங் நோட்டும் ஒரு டப்பா வெள்ளைப் பசையும் வாங்கி வந்து சார் முன்னால் வைத்தார். அதன் பிறகு சார் வாசலைத் தாண்டவில்லை. பசை என்ன செய்யும் என்று, அவரோடு வாழ்ந்த அண்ணிக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துதான் வாங்கினார்.

கடைசியாக நான் போனபோது சார் என்னை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. "உக்காருங்க. மாட்டுக்கு என்ன பண்ணுது?" என்றார். "இப்ப நல்லாருக்குங்க சார்" என்றேன். அதற்குமேல் அவர் என்னைக் கவனிக்கவில்லை. அருமையான பழைய தபால்தலை ஒன்றை எடுத்து, முதுகு முழுக்கப் பசை தடவி, தலைகீழாக ஒட்டினார். தடுக்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன். கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்துவிட்டு, "இனிமே விழாது" என்றார். ஆல்பம் தேடி அலைந்த காலத்தில் ஒருநாளும் அவர் முகத்தில் அந்த நிம்மதியை நான் பார்த்ததில்லை.

கருமாதி முடிந்ததும் அண்ணி அந்த நோட்டை என் கையில் கொடுத்தார். "தண்ணில ஊறப்போட்டா வந்துடுமாங்க தம்பி? எடுத்து சங்கத்துக்கே குடுத்துடுங்க. என்மேல பழி வேணாம்." ஊறப்போட்டால் முக்கால்வாசி வந்துவிடும். நாமெல்லாம் வழக்கமாகச் செய்கிற வேலைதான். நோட்டைத் திறந்தேன். தபால்தலைகளைச் சுற்றிப் பிதுங்கிக் காய்ந்த பசையில், பக்கத்துக்குப் பக்கம் அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது.

"வேணாங்க அண்ணி. இது இப்படியே இருக்கட்டும்" என்றேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. கழுவினால் தபால்தலைகள் மிஞ்சும், ரேகை போய்விடும். நான் கழுவப்போவதில்லை. சேகரிப்பைப் பற்றி ஏதும் கேட்க நினைப்பவர்கள் என்னிடம் வாருங்கள். அண்ணியிடம் போவதானால், மன்னிப்புக் கேட்க மட்டும் போங்கள்.